நாய் குரைத்து யானை வருவதில்லை: திடீர் ஆசையும் ஒற்றைத் தலையிடியும்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அதன் காயைப் பதினொரு ஆண்டுகள் நான் வாயில் வைக்காமல் இருந்தேன். தடை போட்டவர் அம்மா. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற அன்றிரவோ மறுநாளோ எனக்குத் தலையின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்கிவிடும். பிறகு இருட்டறை, பக்கத்தில் வாளி, சேவல் கூவினால்கூடக் காதைப் பொத்திக்கொள்ளும் நிலை. "மாங்காய்ப் புளிதான் பித்தத்தைக் கிளப்புகிறது" என்பது அம்மாவின் தீர்ப்பு. அம்மம்மா இன்னும் ஒரு படி மேலே போய் இறால், தக்காளி, தயிர், அன்னாசி என்று ஒவ்வொன்றாக ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கிய பண்டங்கள் கூடினவே தவிர, தலையிடி குறையவில்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒன்றன்பின் ஒன்று நடந்துவிட்டால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். வீட்டு மாங்காய் விடயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டவர் ஒரு வைத்தியர். "மாங்காய் சாப்பிட்ட பிறகு தலையிடி வந்தது, சரி. மாங்காய் வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது? அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பஸ்ஸில், கலியாண வீட்டில், ஆசிரியர் அறையில், எங்கே தலையிடிப் பேச்சு எழுந்தாலும் ஆளுக்கொரு பண்டத்தைக் குற்றம் சாட்டுவார்கள். ஒருவருக்குச் சொக்கலேட், இன்னொருவருக்குக் கணவாய், வேறொருவருக்கு அஜினமோட்டோ. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கணக்குப் பிழை என்பதை, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

எல்லாத் தலையிடியும் ஒற்றைத் தலையிடி ஆகாது

வெயிலில் அலைந்தால் வருவதும், காய்ச்சலோடு வருவதும், மங்கிய கண்ணோடு நெடுநேரம் வாசித்தால் வருவதும் வேறு. ஒற்றைத் தலையிடி, அதாவது மைக்ரேன், மூளையையும் நரம்புகளையும் சார்ந்த ஒரு நோய். இடையிடையே வந்து தாக்கிவிட்டுப் போகும். மருந்து எடுக்காவிட்டால் வளர்ந்தவர்களுக்கு ஒரு தாக்குதல் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். நாடித் துடிப்போடு சேர்ந்து இடிக்கும், படி ஏறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் எதிரியாகிவிடும். பெயரில் 'ஒற்றை' இருந்தாலும் இரண்டு பக்கமும் இடிக்கக்கூடும். கிரேக்கர் 'பாதித் தலை' என்று வைத்த பெயர்தான் மொழி மொழியாகத் தேய்ந்து மைக்ரேன் ஆனது.

உலகில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். குடும்ப வழியாகவும் வரும். அம்மம்மா இளவயதில் மாதத்துக்கு ஒரு நாளாவது நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுருண்டு படுப்பாராம். அதைக் 'கபாலக்குத்து' என்று சொல்லியே காலத்தைக் கழித்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கிடைக்கும் இன்னொரு தவறான பெயர் பீனிசம். ஒற்றைத் தலையிடியிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும் என்பதால் அந்தக் குழப்பம். ஆவி பிடித்தே ஆண்டுகளை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒற்றைத் தலையிடி வயிற்றிலோ மூக்கிலோ தொடங்கும் கோளாறு என்று சொல்வது தவறு. அது இலகுவில் கிளர்ந்துவிடும் ஒரு மூளையின் இயல்பு.

நாயும் யானையும்

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் இரவு தங்கியவர்களுக்கு இது பழக்கம். நடுச்சாமத்தில் வீட்டு நாய் ஒரு திசையைப் பார்த்து விடாமல் குரைக்கும். சற்று நேரத்தில் வாழைகள் முறியும் சத்தம் கேட்கும். யானை. விடிந்ததும் தோட்டக்காரர் நாயைப் பிடித்துக் கட்டி, "நீ குரைத்ததால்தானே யானை வந்தது?" என்று அடிக்கிறாரா? இல்லை. யானை எப்போதோ காட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டது, அதன் வாடை நமக்கு முன் நாய்க்கு எட்டியது என்பது அவருக்குத் தெரியும்.

தலையிடியில் மட்டும் நாம் நாயைத்தான் அடிக்கிறோம். திடீரென்று மாங்காய் மேல் ஆசை வருகிறது, சாப்பிடுகிறோம், தலை இடிக்கிறது. நம் கண்ணில் படுவது இந்த மூன்றும்தான். ஆசை எழுந்தபோதே தாக்குதல் தொடங்கிவிட்டிருக்கலாம் என்பது கண்ணில் படுவதில்லை. யானை புறப்பட்டாயிற்று, ஆசை அதற்கான குரைப்பு.

உவமை சொல்லிவிட்டால் போதாது. மூளைக்குள் அப்படி ஒன்று உண்மையில் நடக்கிறதா?

வலிக்கு முந்திய இரண்டு நாட்கள்

ஒரு முழுத் தாக்குதலை வைத்தியர்கள் நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். எல்லோருக்கும் நான்கும் வருவதில்லை. ஒருவருக்கே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதும் இல்லை.

நமக்கு முக்கியமானது முதற்கட்டம். இதை முன்னறிகுறிக் கட்டம் என்போம். வலிக்குச் சில மணித்தியாலங்கள் முன்பு, சிலருக்கு இரண்டு நாட்கள் முன்பே, உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்குகிறது. தூக்கம் குறையாமலே கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. கழுத்து இறுகுகிறது. காரணமில்லாத களைப்பு. வாசித்த வரியையே திரும்ப வாசிக்க வேண்டியிருக்கிறது. சின்ன விடயத்துக்குச் சினம் வருகிறது. தாகம் எடுக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது. இவற்றோடு சிலருக்கு ஒரு குறிப்பிட்ட உணவின் மேல், பெரும்பாலும் இனிப்பின் மேலோ உப்பின் மேலோ, அடக்க முடியாத ஆசை.

பசிக்கும் இந்த ஆசைக்கும் வித்தியாசம் உண்டு. பசித்த வயிறு சோறு கிடைத்தாலும் ஏற்கும், ரொட்டி கிடைத்தாலும் ஏற்கும். ஆசைக்கு அந்தப் பண்டமேதான் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பனங்கட்டிப் போத்தலைத் தேடிப் போகிற கை, பசியால் போகிற கை ஆகாது.

இரண்டாவது கட்டம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ வருவது: கண்முன் மின்னும் வளைகோடுகள், பார்வையில் ஓர் ஓட்டை, கை விறைப்பு. வழக்கமாக ஒரு மணித்தியாலத்துக்குள் மறைந்துவிடும். மூன்றாவது, வலி. நான்காவது, வலி போன பிறகும் ஒரு நாளோ அதற்கு மேலோ நீடிக்கிற சோர்வு. அதை விளக்கத் தேவையில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முன்னறிகுறி என்பது பிறகு யோசித்து ஒட்டவைக்கிற கதை என்று சந்தேகிக்கலாம். 2003 இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. முன்னறிகுறி தமக்கு வருவதாகச் சொன்ன நோயாளர்களிடம் ஒரு மின் குறிப்பேட்டைக் கொடுத்து, வலி வருவதற்கு முன்பே உடம்பின் நிலையைப் பதியச் சொன்னார்கள். முன்னறிகுறி இருந்த பதிவுகளில் 72 சதவீதத்தில், முழுத் தலையிடி வரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தார்கள். நாயின் மூக்கு அவ்வளவு மோசமில்லை.

ஒரே மேசையில் எல்லா அலுவலும்

கொட்டாவிக்கும் தாகத்துக்கும் சினத்துக்கும் மாங்காய்க்கும் என்ன உறவு? பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத சங்கதிகள். ஒட்டுகிற இடம் மூளையின் அடியில் இருக்கிறது.

கிராம அலுவலரின் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவுக்கு உறுதிக் கடிதம், நிவாரணப் பட்டியல், காணித் தகராறு, வாக்காளர் இடாப்பு, எல்லாம் அந்த ஒரு மேசைக்குத்தான் போகும். அந்த மேசையில் ஒரு நாள் குழப்பம் என்றால் ஊரில் ஒரு வேலை மட்டும் தடைப்படுவதில்லை. சம்பந்தமே இல்லாத பத்து வேலைகள் ஒன்றாகத் தடுமாறும்.

மூளையில் அந்த மேசையின் பெயர் ஹைப்போதலமஸ். பாடப்புத்தகத்தில் பரிவகக்கீழ் என்று படித்திருப்பீர்கள். ஒரு பாதாம் பருப்பளவு இருக்கும். பசி, தாகம், தூக்கம், உடற்சூடு, ஹோர்மோன் சுரப்பு, உடம்பிலுள்ள நீரின் அளவு ஆகியவற்றை அது கவனிக்கிறது. முன்னறிகுறிகளின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஏறத்தாழ எல்லாமே இந்த மேசைக்குரிய அலுவல்கள்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் ஒற்றைத் தலையிடி உள்ள ஒரு பெண்ணின் மூளையை 30 நாட்கள், நாளுக்கு ஒரு தடவை, எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த 30 நாட்களில் அவருக்கு மூன்று தாக்குதல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் வலி தொடங்குவதற்கு முந்திய 24 மணித்தியாலங்களில் ஹைப்போதலமஸின் செயற்பாடு மாறியிருந்தது. பார்த்தது ஒரே ஒருவரின் மூளை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு மாதம் தினமும் அந்த இரைச்சல் குழாய்க்குள் தலையைக் கொடுத்த அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. தலையிடிக்காரர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று.

இன்னொரு சொல்லும் வேண்டும்: டொபமின். நரம்புக் கலங்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று. 'அது வேண்டும்' என்ற நாட்டத்தை எழுப்புவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. கொட்டாவியிலும் குமட்டலிலும்கூட அதன் கை இருக்கிறது. அதனால்தான் முன்னறிகுறிக் கட்டத்தில் டொபமினும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு ஓய்வில் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது தின்கிறது. தடுமாறத் தொடங்கும் மூளை விரைவாகச் சக்தி தரும் இனிப்பைக் கேட்பது ஒரு தற்காப்பு முயற்சியாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

சாரம்: ஆசையையும் வலியையும் பெற்ற தாய் ஒருத்தி. ஆசை மூத்தது, வலி இளையது. மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பெறவில்லை.

வலி வந்து சேரும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் அங்குள்ள இரத்தக் குழாய்களுக்கும் தெரியும். அங்கிருந்து செய்தியைக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. முகத்தின் உணர்வைச் சுமப்பதும் அதே நரம்புதான். தாக்குதலின்போது இந்த நரம்பின் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை வெளிவிடுகின்றன. அது குழாய்களை விரியச் செய்து வலிச் செய்தியைப் பெருக்குகிறது. புதிய தலையிடி மருந்துகள் பலவும் குறிவைப்பது இந்தப் பொருளைத்தான்.

அம்மாவின் கட்சிக்கு ஒரு வலுவான சாட்சி இருந்தது. "வாந்தியில் மாங்காய்த் துண்டு அப்படியே வந்ததே, பிள்ளை. செமிக்காமல்தானே தலைக்கு ஏறியது?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். தாக்குதலின்போது இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடுகிறது. உணவு கீழே இறங்காமல் கிடக்கிறது. அதனால் மணிக்கணக்கின் முன் தின்றதும் வாளியில் வந்து சேர்கிறது. செமியாமை தலையிடியின் விளைவு. விழுங்கிய மாத்திரை சில வேளை பலன் தராமல் போவதற்கும் இதுவே காரணம்.

சொக்கலேட்டை விசாரித்தபோது

உலகெங்கும் அதிகமாகக் குற்றம் சாட்டப்படும் பண்டம் சொக்கலேட். 1997 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை முறையாக விசாரித்து வெளியிட்டார்கள். நாட்பட்ட தலையிடி உள்ள 63 பெண்களுக்குச் சில நாட்கள் சொக்கலேட்டும் சில நாட்கள் அதே மாதிரிச் சுவையேற்றிய காரப் என்ற பயற்றினக் காய்ப் பொடியில் செய்த பண்டமும் கொடுத்தார்கள். எது எது என்று தின்றவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் சொக்கலேட்டு தின்ற பிறகு தலையிடி கூடுதலாக வரவில்லை. 'சொக்கலேட் எனக்கு ஆகாது' என்று உறுதியாக நம்பியவர்களுக்கும் அதே முடிவுதான்.

இருபக்கமும் தெரியாமல் சோதிப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'இதைத் தின்றால் வரும்' என்ற பயமே மூளையைக் கிளறிவிடக்கூடும். பயத்தையும் பண்டத்தையும் பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

ஒரு ஆய்வு எல்லோருக்கும் தீர்ப்பு எழுதிவிடாது. யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு பண்டம் உண்மையிலேயே ஆகாமல் இருக்கலாம். நான் சொல்ல வருவது, ஊரில் குற்றம் சாட்டப்படும் அளவுக்கு உணவுகள் குற்றம் செய்யவில்லை என்பதைத்தான்.

குளம் நிறைந்திருந்தால் ஒரு மழை போதும்

அப்படியானால் சாப்பாட்டுக்கும் தலையிடிக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை.

இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறு நீரைக் கொண்டுவருகிறது, மழையும் சேர்கிறது. குளம் பாதியில் இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் உள்வாங்கிக்கொள்ளும். கட்டின் விளிம்புவரை நிறைந்திருந்தால் ஓர் இரவு மழைக்கே வான்கதவு திறக்க வேண்டிவரும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கடைசியாகப் பெய்த மழையை மட்டும் திட்டுவதில் பொருளில்லை, நீர் பல நாளாக ஏறிக்கொண்டிருந்தது.

ஒற்றைத் தலையிடி உள்ள மூளைக்கும் அப்படி ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதை நோக்கி நீர்மட்டத்தை ஏற்றுகிற ஒவ்வொன்றையும் தூண்டி என்கிறோம். தூக்கம் கெடுவது, மன அழுத்தம், கண்ணைக் குத்தும் வெளிச்சம், நீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது, மதுபானம், நேரத்துக்குச் சாப்பிடாதது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். உணவு சம்பந்தமான தூண்டிகளில் மிக உறுதியானது, எதையோ தின்றது என்பதைவிட எதையும் தின்னாமல் விட்டது.

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். விரதம், வெயில், நடை, நந்திக்கடல் பக்கத்து உப்புக் காற்று, இரவு முழுவதும் கண்விழிப்பு. மறுநாள் வீட்டுக்கு வந்து தலையிடியோடு படுத்தவர், "அங்கே வாங்கித் தின்ற கச்சான்தான் பிழை" என்பார். ஏழு ஆறுகள் நிரப்பிய குளத்துக்கு ஒரு வாய்க்காலைக் குற்றம் சொல்வது போன்றது அது. ரமழான் நோன்பின் முதல் நாட்களில் தலையிடி வருவதாகச் சொல்கிற நண்பர்களும் எனக்கு உண்டு.

விரதத் தலையிடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆள் தேநீர். நாளுக்கு நாலைந்து கோப்பை குடிக்கும் உடம்பு அதிலுள்ள கஃபீனுக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் தலை இடிக்கத் தொடங்கலாம். சில நாட்கள் நீடிக்கும். விரதமோ நோன்போ பிடிக்கப் போகிறவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வருவது நல்லது. வெறுந்தேநீர் குடித்தால் தலையிடி தீர்கிறது என்று பலர் சொல்வதிலும் உண்மை உண்டு. சில வேளை அது தேநீர் தானே உண்டாக்கிய கடனைத் தானே அடைப்பது.

பெண்களுக்கு இன்னொரு பொதுத் தாய் இருக்கிறாள். மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனின் அளவு விழுகிறது. அந்த வீழ்ச்சி பலருக்கு ஒற்றைத் தலையிடியைக் கொண்டுவருகிறது. இனிப்பு ஆசை கூடுவதாகப் பெண்கள் சொல்வதும் அதே நாட்களில்தான். இரண்டும் ஒன்றாக வருவதைப் பார்த்து ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கிவிடுகிறோம்.

ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்

வைத்தியர் என்னிடம் சொன்னது மூன்று மாதம் குறிப்பு எழுது என்பதுதான். நான் செய்த முதற்பிழை, தலையிடி வந்த நாட்களை மட்டும் எழுதியது. அப்படி எழுதினால் எந்தப் பண்டமும் குற்றவாளி ஆகிவிடும். நான் தினமும் சோறு சாப்பிடுகிறேன். ஆகவே என் ஒவ்வொரு தலையிடிக்கு முன்பும் சோறு இருக்கிறது. சோற்றை விட்டுவிட முடியுமா?

தலையிடி வராத நாட்களையும் எழுத வேண்டும். மாங்காய் தின்றும் தலையிடி வராத நாட்கள் எத்தனை, மாங்காய் தின்னாமலே வந்த நாட்கள் எத்தனை என்ற இரண்டு கேள்விகளுக்கும் கொப்பி பதில் சொல்ல வேண்டும். படுத்த நேரம், எழும்பிய நேரம், சாப்பிட்ட நேரம், மாதவிடாய் நாள், எடுத்த மருந்து, கொட்டாவி, கழுத்து, ஆசை. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். முக்கியமாக, ஆசை எழுந்த நேரத்தையும் தின்ற நேரத்தையும் தனித்தனியே எழுத வேண்டும்.

என் கொப்பியில் தெரிந்ததைச் சொல்கிறேன். மாங்காய் ஆசை வந்த நாட்களில் காலையிலேயே கழுத்து இறுகியிருந்தது. தடை காரணமாக மாங்காய் தின்னவில்லை. தலையிடி எப்படியும் வந்தது. மற்றொன்று, பரீட்சை விடைத்தாள் திருத்தும் வாரங்களில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப் போயிருந்தது. அந்த வாரங்கள் பக்கம் பக்கமாகத் தலையிடிக் குறிகளால் நிறைந்திருந்தன.

கண்டபடி உணவை ஒதுக்குவதில் எனக்கு ஒரு கோபமே உண்டு. முட்டை, மீன், தயிர் என்று ஒவ்வொன்றாக வெட்டி, ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளைகளை இன்னும் வெளிற வைக்கிறோம். பச்சையரிசி, மண், ஐஸ்கட்டி போன்றவற்றைத் தினமும் மெல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு கதை. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஆசை எழுந்த நாளில்

முதலில், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆசைப்பட்ட பண்டத்தை அளவோடு தின்பதில் தவறில்லை. அதை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைத் தவிர்ப்பதுதான் தவறு. தண்ணீர் குடியுங்கள். வயல் வேலையை உச்சி வெயிலுக்கு முன் முடிக்க முடிந்தால் முடியுங்கள். அன்றிரவு நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மருந்து கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வலி தொடங்கியதும், முற்றுவதற்கு முன்பே மருந்தை எடுப்பது நல்லது. முன்னறிகுறிக் கட்டத்திலேயே மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகளும் நடக்கின்றன. 2023 இல் வெளியான ஒன்றில், சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஒரு மாத்திரையை வலிக்கு முன்பே எடுத்தபோது 46 சதவீத வேளைகளில் அடுத்த 24 மணித்தியாலத்துக்குக் கடும் வலியோ நடுத்தர வலியோ வரவில்லை. மருந்தில்லாத போலி மாத்திரைக்கு அது 29 சதவீதம். இந்த எண்களைவிட எனக்குப் பிடித்தது, நோயாளர்கள் தம் முன்னறிகுறியை நம்பி மாத்திரை எடுத்தார்கள் என்பது.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு கொட்டாவிக்கும் ஒரு பனடோல் போடத் தொடங்கிவிடாதீர்கள். சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாக எடுத்துவந்தால் மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் படுக்கையில் விழுகிறவர்கள் வைத்தியரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேட்க வேண்டும். அப்படி மருந்துகள் உண்டு.

சில தலையிடிகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. இடி விழுந்தது போல் ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், கர்ப்ப காலத்திலோ ஐம்பது வயதுக்குப் பிறகோ புதிதாகத் தொடங்கும் வலி என்றால் கொப்பியைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணியைத் தொடக் கூடாது. அஸ்பிரினும் ஐபுப்ரோபனும் இரத்தக்கசிவுக்கு வழி செய்யும்.

அம்மா தன் தீர்ப்பை முற்றாக மாற்றிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. பித்தம் இன்னும் அவர் பேச்சில் இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு மாமரம் காய்த்தபோது தடை நீங்கியது. நான் மாங்காய் கேட்டால் அவர் முதலில் என் முகத்தைப் பார்த்து, "கழுத்துப் பிடித்திருக்கிறதா, பிள்ளை?" என்று கேட்கிறார். ஆம் என்றால் மாங்காயை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்து, அறைச் சன்னலின் திரையை இழுத்துவிடுகிறார்.